ஆசிரியர் பாடம் நடத்தவில்லை

கரும்பலகைக்கு முன்னால் இசக்கியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் எழுதியிருந்த விடை தப்பு. அது தப்பு என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இன்னொருவர் எங்கள் கணிதத் துறைத் தலைவர் ராமநாதன் சார்; வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

நான் வேண்டுமென்றேதான் அவளைத் திருத்தாமல் இருந்தேன். ஆனால் வாசலில் நிற்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அவர் கண்ணுக்குப் பட்டது இவ்வளவுதான்: ஒரு பெண் போர்டில் தப்பாக எழுதுகிறாள், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு மொழியில் கத்துகிறார்கள், சம்பளம் வாங்கும் ஆசிரியை கன்னத்தில் கை வைத்து வேடிக்கை பார்க்கிறாள்.

அது மும்பை செம்பூரில் எங்கள் கல்லூரியின் மேல்மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வாசனை வரும். மூடினால் எங்கள் வாசனையே எங்களுக்கு. எது தேவலை என்று வகுப்பில் ஒருமுறை ஓட்டெடுப்பு நடந்திருக்கிறது. முடிவு சமமாக வந்ததால் ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருக்கும்.

சார் அன்று சும்மா வரவில்லை. என் வகுப்பைப் பார்வையிட்டு முதல்வருக்கு அறிக்கை எழுத வந்திருந்தார். நான் தற்காலிக ஆசிரியை. அடுத்த வருஷம் எனக்கு வேலை உண்டா என்பது அந்த அறிக்கையைப் பொறுத்திருந்தது.

சாரின் பாடம்

இந்தத் தொடரை விடாமல் படிக்கும் என் அக்கா, "பள்ளிக்கூடம், கல்யாணம் எல்லாம் வந்தாச்சு, காலேஜ் எப்போதான் வரும்?" என்று போன வாரம் கேட்டாள். வந்துவிட்டது. வந்ததும் ராமநாதன் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் பட்டப்படிப்பு படித்ததும் அதே கல்லூரிதான், அதே சாரிடம்தான். மாட்டுங்காவில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. காலையில் அவர் ரயிலுக்கு நடந்து போகும்போது சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். மாலையில் திரும்பும்போதும் கலையாமல் இருக்கும். நடுவில் ஒரு லோக்கல் ரயில் இருந்தது என்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

அவர் பாடம் நடத்துவதைக் கச்சேரி என்றுதான் சொல்ல வேண்டும். கேள்வியை மெதுவாக எடுப்பார். ஒரு சந்தேகத்தை அவரே கிளப்புவார். அந்தச் சந்தேகத்தில் நாங்கள் தவித்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஜோக் சொல்வார். பிறகு சாக்பீஸை ஒரு இழுப்பு இழுத்து விடையை அடியில் கோடிட்டு நிறுத்துவார். மணி அடிக்கும். நாங்கள் கை தட்டுவோம். கணித வகுப்பில் கை தட்டுகிறார்கள் என்று வீட்டில் சொன்னபோது, என் அப்பா எனக்கு ஜுரம் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஜோக் ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில், அதே ஜோக். சீனியர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அப்படியும் சிரிப்பு வரும்.

மாணவர்கள் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் பிறகு வந்தது. முதலிடம் எப்போதும் சார்தான். அவர் பாடத்தில் தேறியவர்கள் எத்தனை பேர் என்பதை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

கேடிகள்

மும்பையில் ஒரு பாடத்தில் தோற்றாலும் அடுத்த வகுப்புக்குப் போகலாம். தோற்றதைப் பிறகு எழுதித் தேறிக்கொள்ள வேண்டும். இதற்கு ஏ.டி.கே.டி. என்று பெயர். இதன் விரிவு என்ன என்று மாணவர்களில் ஒருவருக்கும் தெரியாது. சுருக்கி "கேடி" என்பார்கள். "எனக்கு மேத்ஸ்ல கேடி" என்றால் பேல்பூரிக்காரர்கூட அனுதாபத்தோடு கொஞ்சம் சட்னி கூட ஊற்றுவார். ஆனால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தாராவித் தமிழ்ப் பிள்ளைகள். கேடி என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள்.

பி.காம். கேடிகளுக்குப் புள்ளியியல் நடத்தும் வேலை எனக்கு வந்தது. வேறு யாரும் கேட்கவில்லை என்பதால் வந்தது.

முதல் மாதம் நான் சாரைப் போலவே நடத்தினேன். ஜோக்கும் அவருடையதுதான். பாடம் முடிந்ததும், "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "யெஸ் மிஸ்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். எனக்குத் திருப்தியாக இருக்கும். இருவருக்கும் சௌகரியமான ஏற்பாடு அது.

ஒருநாள் பாடத்தை முடித்துவிட்டு ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். ஒரு காசைச் சுண்டுகிறோம். ஐந்து முறை தொடர்ந்து ஹெட் விழுந்துவிட்டது. ஆறாவது முறை எது விழ வாய்ப்பு அதிகம்? இதற்கான சூத்திரத்தைத்தான் அன்று முழுக்கப் போர்டில் எழுதியிருந்தேன். விடை, இரண்டுக்கும் சம வாய்ப்பு. முன்னால் விழுந்தவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"டெய்ல், மிஸ்" என்றது வகுப்பு. அதுவும் ஒரே குரலில்தான்.

சாப்பாடு நன்றாக இருந்தது

அந்தச் சமயத்தில்தான் கல்லூரி எங்களை ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. பட்டப்படிப்பு மாணவர்களுக்குத் திறம்படக் கற்பிப்பது எப்படி என்பது தலைப்பு. குளிரூட்டிய அரங்கில் ஒருவர், ஆசிரியரே பேசிக்கொண்டிருந்தால் மாணவர் மனத்தில் எதுவும் நிற்காது என்பதைக் காலையிலிருந்து மதியம் வரை பேசினார். கேள்வி கேட்க நேரம் இருக்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள்.

நான் தூக்கத்துக்கு நடுவில் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம். விடையைச் சொல்வதற்கு முன்னால் அவர்களை ஒரு விடைக்குத் துணிய வைக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட விட வேண்டும். ஆசிரியர் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது.

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. செய்து பார்த்தால், பல் பிடுங்கும்போது வாயை மூடச் சொன்ன மாதிரி இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். எல்லோர் பெயரையும் சரியாகக் கற்றுக்கொண்டேன். இசக்கியம்மாளுடைய பெயர் கல்லூரியில் யார் வாயிலும் நுழைந்ததில்லை. இஸாகி, இஷிகா, ஒரு ஆசிரியர் ஐசக் என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறார். நான் முதல்முறை "இசக்கியம்மாள்" என்று முழுசாகக் கூப்பிட்டபோது அவள் திரும்பவே இல்லை. பக்கத்துப் பெண் இடித்ததும்தான் எழுந்தாள்.

"என்னியவா மிஸ் கூப்பிட்டிய?"

"உன்னைத்தான். வேற யாரு இசக்கி இருக்கா?"

"இல்ல, வீட்டுல கூப்பிடுத மாதிரி இருந்துச்சி. அதான்."

அதுவரை அந்தப் பெண் என் வகுப்பில் "யெஸ் மிஸ்" தவிர வேறொன்றும் பேசியிருக்கவில்லை. அன்று வகுப்பு முடிந்து படி இறங்கும்போது கூடவே வந்தாள். தாராவியில் வீடு, அப்பா ரொட்டி பேக்டரியில் வேலை, அக்கா ஒரு பொம்மைக் கம்பெனியில் பேக்கிங்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா அக்கா கூடப் பேக்கிங்குக்கு வந்துருன்னு அப்பா சொல்லுதாவ, மிஸ்."

"உனக்கு என்ன பண்ணணும்?"

"பேக்கிங் பண்ணக் கூடாது" என்றாள். அதற்கு மேல் அவள் யோசித்திருக்கவில்லை. எனக்கு அது போதுமான காரணமாகவே பட்டது.

வாசலில் நின்றவர்

இப்போது அந்த அறைக்குத் திரும்புவோம். அதே காசுக் கேள்வியைத்தான் அன்று மறுபடி போட்டிருந்தேன். இசக்கி போர்டுக்குப் போய் "டெய்ல்" என்று பெரிதாக எழுதியிருந்தாள்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"எங்க கல்லிச் சந்துல குழாய்த் தண்ணி மாதிரிதான் மிஸ். நேத்து வரல, முந்தாநேத்தும் வரல. அப்ப இன்னிக்கு வந்துதான ஆவணும்?"

வகுப்பு முழுக்க இரைச்சல். பாதிப் பேர் தமிழில் சரி என்றார்கள், மீதிப் பேர் இந்தியிலும் மராத்தியிலும் சரி என்றார்கள். யூசுப் என்ற பையன் மட்டும் இந்தியும் தமிழுமாக "ருக்கோ, ருக்கோ, இருங்க, ஏதோ இடிக்குது" என்றான். அவன் வாப்பா தாராவியில் தையல் பட்டறை வைத்திருந்தார். யூசுப் வகுப்பில் பாதி நேரம் தூங்குவான், மீதி நேரம் எதையாவது சந்தேகப்படுவான். அவன் எழுந்து நின்று வாயைத் திறந்தான்.

ராமநாதன் சாரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உள்ளே வந்தார். இசக்கியின் கையிலிருந்து சாக்பீஸை மிகவும் மரியாதையாக வாங்கினார்.

பிறகு நடந்ததைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அற்புதமாக நடத்தினார். ஜோக் வந்தது, சிரித்தார்கள். சூத்திரத்துக்கு அடியில் கோடு விழுந்தது, கை தட்டினார்கள். கடைசி பெஞ்சில் இருந்த நானும் தட்டினேன்.

"புரிஞ்சுதா?" என்றார்.

"யெஸ் சார்!"

சார் என்னைப் பார்த்தார். 'இவ்வளவுதானேம்மா' என்கிற மாதிரியான பார்வை. நான் எழுந்து, "சார், அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாமா?" என்றேன். கேட்டேன். டெய்ல் என்கிறவர்கள் கை தூக்குங்கள்.

யூசுப்பைத் தவிர எல்லாக் கையும் மேலே போனது. இசக்கியின் கைதான் முதலில் போனது.

சார் கொஞ்ச நேரம் கைகளைப் பார்த்தார். சாக்பீஸை மேஜை மேல் உருளாமல் வைத்தார். ஃபைலை எடுத்துக்கொண்டு போனார். அறிக்கையில் அவர் எழுதிய வரி: "ஆசிரியர் பாடம் நடத்தவில்லை." அதில் பொய் ஒன்றும் இல்லை.

காசுக்குப் பைப்பு

மறுநாள் முதல்வர் அம்மா என்னைக் கூப்பிட்டு, தேர்வுக்கு முன்னால் இருக்கும் சில வாரங்களுக்குக் கேடி வகுப்பை ராமநாதன் சாரே எடுக்கட்டும் என்றார். என் வேலையைப் பற்றி முடிவுகள் வந்த பிறகு பேசலாம். இடையில் எனக்கு ஒரே ஒரு வகுப்பு மிச்சம் இருந்தது.

அந்த வகுப்பில் நான் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே நுழைவதற்குள் யூசுப் எழுந்து நின்றுவிட்டான். இரண்டு நாளாகத் தூங்காதவன் மாதிரி இருந்தான். நான் கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

"இசக்கி, உங்க கல்லியில தண்ணி ஏன் வரல?"

"பைப்பு ஒடஞ்சி போச்சி."

"அப்ப நேத்து ஒடஞ்ச பைப்பு இன்னிக்கும் ஒடஞ்சுதானே இருக்கும்? நேத்து வரலைன்னா இன்னிக்கும் வராம இருக்கத்தான் சான்ஸ் ஜாஸ்தி. நீ உல்டாவா சொல்றே."

இசக்கி யோசித்தாள். "சரி. அப்ப காசுல ஹெட்தான் வரும்ங்கியா?"

"அதான் இடிக்குது. தண்ணியில நேத்தைக்கும் இன்னைக்கும் நடுவுல ஒரு பைப்பு இருக்கு. காசுல..."

அவன் நிறுத்திவிட்டான். விடை எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடைசி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"காசுல பைப்பு எங்கன இருக்கு?" என்றாள் இசக்கி, மெதுவாக. பிறகு கொஞ்சம் சத்தமாக: "லேய், பைப்பே இல்லலா! முந்தி விழுந்ததுக்கும் இப்ப விழப் போறதுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. அப்ப ரெண்டும் ஒண்ணுதான்!"

பிறகு அவர்களாகவே ஆரம்பித்துவிட்டார்கள். ரயில் தாமதத்துக்குப் பைப்பு உண்டா? உண்டு, மழை. லாட்டரிக்கு? கிடையாது. பரீட்சையில் தோற்பதற்கு? அதில் பெரிய சண்டை வந்தது. உண்டு என்று ஒரு கட்சி, கிடையாது என்று ஒரு கட்சி. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. புத்தகத்தில் இதுவே சார்பற்ற நிகழ்ச்சிகள் என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

சாரின் வெற்றி

அடுத்த வாரம் ஆசிரியர் அறைக்கு ராமநாதன் சார் துள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு அறுபதை நெருங்கிய வயசு. துள்ளி நான் பார்த்ததில்லை.

"ரேவதி, அந்தக் காசுக் கேள்வியை இன்னிக்கு நான் கேட்டேன். ஒருத்தர் பாக்கி இல்லாம சரியாச் சொல்லிட்டா! அன்னிக்கு நான் நடத்தினது உள்ள போகக் கொஞ்ச நாள் ஆயிருக்கு, அவ்வளவுதான். நீ அவசரப்பட்டுட்டே."

நான், "ரொம்ப சந்தோஷம், சார்" என்றேன். வேறென்ன சொல்வது?

ஆனால் இசக்கிக்கு அந்த நாசூக்கு கிடையாது. மறுநாள் சார் வகுப்பில் அதைப் பெருமையாகச் சொன்னபோது அவள் எழுந்திருக்கிறாள். இதை யூசுப்தான் எனக்குச் சொன்னான்.

"இல்ல சார். நீங்க சொல்லும்போது ரொம்ப நல்லாருந்துச்சி. வீட்டுக்குப் போனா ஒண்ணும் இல்ல. பெறவு யூசுப்பு பைப்பு சொன்னாம்லா, அதுலதான் வெளங்கிச்சி."

"என்ன பைப்பு?" என்றாராம் சார்.

விளக்கியிருக்கிறார்கள். ஒரே சமயத்தில் எல்லோரும். சாருக்கு ஒன்றும் கேட்காததால் ஒரு பெஞ்சில் இடம் பண்ணி உட்கார வைத்திருக்கிறார்கள். முழு மணி நேரமும் அவர் அங்கேயே இருந்தார் என்றான் யூசுப். "சட்டையெல்லாம் கசங்கிடுச்சு, மிஸ்."

அன்று மாலை மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தபோது, பூக்கடை வரிசையில் சார் நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நின்றிருக்கிறார். இருவரும் நடந்தோம்.

"நீ என்கிட்ட மூணு வருஷம் படிச்சே இல்லையா?"

"ஆமா சார்."

"நெஜத்தைச் சொல்லு. நான் நடத்தினதுல உனக்கு என்ன புரிஞ்சுது?"

இந்த மனிதரைப் பார்த்துத்தான் நான் ஆசிரியையானேன். பொய் சொல்லலாம். ஆனால் அவர் பாராட்டு வேண்டிக் கேட்கவில்லை, வலியோடு கேட்கிறார் என்று தெரிந்தது.

"உங்களைப் பாத்துதான் சார் எனக்குக் கணக்குப் பிடிச்சுது. ஆனா புரிஞ்சது வீட்டுல. தப்புத் தப்பாப் போட்டு, அடிச்சு, மறுபடி போட்டு. பிடிச்சதனால விடாம போட்டேன்."

அவர் நின்றுவிட்டார். "அது போதுமா?"

"எனக்குப் போதும் சார். எங்க வீட்டுல தனி மேஜை இருந்தது, கேட்டாச் சொல்லித்தர அக்கா இருந்தா. இவாளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் இருக்கு. போட்டுப் பாக்கறதையும் அங்கேயேதான் பண்ணியாகணும்."

சார் மறுபடி நடக்க ஆரம்பித்தார். அவருடைய தெரு வந்ததும் தலையை அசைத்துவிட்டுத் திரும்பிப் போனார். மன்னிப்பு, பாராட்டு எதுவும் இல்லை. மறுநாள் முதல்வரிடம் போய், அந்த வகுப்பை இருவருமாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார். காரணம் கேட்டதற்கு, தனக்குப் புள்ளியியலில் கொஞ்சம் பயிற்சி தேவைப்படுகிறது என்றாராம்.

தேர்வு வரை அவர் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாராவது தப்பாகச் சொன்னால் பெஞ்சில் ஆணி இருப்பதுபோல் எழுந்திருப்பார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி அவர் முழங்கையைத் தட்டுவேன். உட்கார்ந்துவிடுவார்.

முடிவுகள்

முடிவுகள் வந்தன. ஏறக்குறைய எல்லோரும் தேறியிருந்தார்கள். இசக்கி தேறியிருந்தாள். அவள் போன் செய்தபோது பின்னால் யாரோ இனிப்பு வாங்கக் கிளம்பும் சத்தம் கேட்டது. "அப்பா ஒண்ணும் சொல்லல மிஸ். செருப்ப மாட்டிட்டு மிட்டாய்க் கடைக்குப் போறாவ" என்றாள்.

யூசுப் தேறவில்லை. சார்பற்ற நிகழ்ச்சிகளுக்கு வரையறை எழுது என்ற கேள்விக்கு, நடுவில் பைப்பு இல்லாத நிகழ்ச்சிகள் என்று எழுதியிருந்தான். தாளைத் திருத்தியவர் யாரோ எவரோ, அவருக்கு அந்தப் பைப்பு எப்படித் தெரியும்? மற்றக் கேள்விகளில் பாதியை அவன் சந்தேகப்பட்டே விட்டிருந்தான்.

முதல்வர் அம்மா என்னைக் கூப்பிட்டு மனதாரப் பாராட்டினார். பிறகு, எல்லோரும் தேறிவிட்டதால் அடுத்த வருஷம் கேடி வகுப்புக்குப் போதிய மாணவர்கள் இல்லை, வகுப்பு இல்லாததால் எனக்குக் கொடுக்க மணி நேரமும் இல்லை என்றார். அவர் சொன்னதில் கணக்குப் பிழை ஏதும் இல்லை. நானும் சரிபார்த்தேன்.

வாஷியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் நாள் ஹார்பர் ரயில் ஏறினேன். மான்குர்துக்கு அப்பால் கடற்கழி மேல் வண்டி போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. ராமநாதன் சார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ரேவதி, யூசுப் எங்காத்துல உக்காந்துண்டு இருக்கான். வாரா வாரம் வரச் சொல்லியிருக்கேன். இப்போ ஒரு கணக்குப் போடறான். முதல் வரியே தப்பு. நான் வாயைத் திறக்கலை. அவன் பக்கம் பக்கமாப் போட்டுண்டே போறான்."

"நல்லது சார். அப்படியே இருங்கோ."

"எத்தனை நாழிம்மா இப்படி இருக்கறது? நெஞ்சை அடைக்கறது."

"அவனா நிறுத்தற வரைக்கும், சார்."

சார் போனை வைக்கவில்லை. மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது, காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு பென்சில் நின்றது.

"சார்," என்றான் யூசுப் எங்கேயோ தூரத்தில். "ஏக் மினிட். மேல போட்டதே தப்பு, சார். நான் மொதல்லேர்ந்து போடுறேன்."

"போடு, போடு" என்றார் சார். அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

நான் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தேன். நான் இறங்கவேண்டிய வாஷி வந்துபோனது. அடுத்த ஸ்டேஷனான சான்பாடாவில் இறங்கி எதிர்ப்பக்க வண்டி பிடித்தேன். புதிய கல்லூரியில் முதல் வகுப்புக்கே தாமதமாகப் போனேன்.